ஜான் பிரவுன் வீட்டுப் பந்தி

வாஷிங்டனிலிருந்து மேற்கே போகும் ரயில் பொட்டோமாக் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குள் மலை குறுக்கே வந்துவிடும். ஒரு குகைப்பாதை, அதிலிருந்து வெளியே வந்ததுமே ஆற்றின்மேல் பாலம், பாலம் முடியும் இடத்தில் ஸ்டேஷன். இறங்கி நாலடி நடந்தால் இரண்டு ஆறுகளும் கண்ணில் படுகின்றன. பொட்டோமாக் ஒரு பக்கம், தெற்கிலிருந்து வரும் ஷெனண்டோவா மறுபக்கம். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற இந்தச் சிற்றூரின் முனையில் இரண்டும் கூடி, மலையைப் பிளந்துகொண்டு கிழக்கே போகின்றன. மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா என்று மூன்று மாநிலங்கள் இங்கே முட்டிக்கொள்கின்றன.

1783-ல் தாமஸ் ஜெபர்சன் மேலே ஒரு பாறையில் நின்று இந்தச் சங்கமத்தைப் பார்த்து வியந்து எழுதினார். பாறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஊரின் நடுவிலிருந்து மலையில் வெட்டிய கற்படிகளில் ஏறி, தேவாலயத்தைக் கடந்து அங்கே போகலாம். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய கை அவருடையது. தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரும் அவர்தான். அவர் நின்று பார்த்துப் போய் 76 ஆண்டுகள் கழித்து, அந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒருவர் இந்தப் பாறைக்குக் கீழே துப்பாக்கியோடு வந்து சேர்ந்தார். அவருடைய தடங்களைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். வர்ஜீனியாவில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் சித்தப்பா மகன் காரோடு வந்து ஸ்டேஷனில் சேர்ந்துகொண்டான்.

ஜான் பிரவுன் 1800 மே 9 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் டோரிங்டன் என்ற ஊரில் பிறந்தார். ஒஹையோவில் வளர்ந்தார். அப்பாவைப்போலவே தோல் பதனிடும் தொழில். பிறகு ஆடு வளர்ப்பு, நிலத் தரகு, கம்பளி வியாபாரம். எதுவும் நிலைக்கவில்லை, 1842-ல் திவாலானார். இரண்டு மனைவியரிடத்தில் இருபது பிள்ளைகள். 1843 செப்டம்பரில் வயிற்றுக்கடுப்பு வந்து நான்கு பிள்ளைகள் ஒரே மாதத்தில் செத்தார்கள். பன்னிரண்டு வயதில் மாடுகளை ஓட்டிக்கொண்டு வெளியூர் போனபோது, தன் வயதொத்த ஓர் அடிமைப் பையனை எஜமான் இரும்பு மண்வாரியால் அடித்ததைப் பார்த்தார். அவனுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை என்பது அன்று தன் மனதில் தைத்தது என்று ஐம்பது வயதைக் கடந்தபின் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அடிமை முறைக்கு எதிராக எழுதிய எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியரை 1837-ல் இலினாய் மாநிலத்தில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அதைக் கண்டித்து ஒஹையோவின் ஹட்சன் ஊரில் கூடிய பிரார்த்தனைக் கூட்டத்தில், கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்று வலக்கையை உயர்த்தி, இனி என் வாழ்க்கை அடிமை முறையை ஒழிப்பதற்கே என்று சபதம் செய்தார். சபதம் எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் எல்லாரும் முதலில் போய்ப் பார்ப்பது 'ஜான் பிரவுன் கோட்டை'. கோட்டை என்று சொன்னாலும் அது ஒரு தீயணைப்பு வண்டிக் கொட்டகை. செங்கல் சுவர், வளைந்த மூன்று பெரிய கதவுகள், கூரைமேல் ஒரு சிறு மணிக்கூண்டு. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை இருக்கும் அளவுதான் உள்ளே இடம். அப்போது இந்த ஊரில் அமெரிக்க அரசின் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஆயுதக் கிடங்கும் இருந்தன. கிடங்கைப் பிடித்து, ஆயுதங்களை அடிமைகளிடம் கொடுத்து, அவர்களோடு தெற்கே நீளும் மலைத்தொடருக்குள் புகுந்துவிடுவது, மலையே அரணாக ஒவ்வொரு தோட்டமாக விடுவித்துக்கொண்டே போவது என்பது பிரவுனின் திட்டம்.

1859 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு. பிரவுனோடு சேர்ந்தவர்கள் 21 பேர். அவர்களில் 16 பேர் வெள்ளையர், 5 பேர் கறுப்பர். மூன்று பேரைக் காவலுக்கு விட்டுவிட்டு மற்ற 18 பேரையும் கூட்டிக்கொண்டு மேரிலாந்துப் பக்கத்திலிருந்து ரயில் பாலத்தின் வழியே ஊருக்குள் வந்தார். தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். தொழிற்சாலையும் கிடங்கும் சண்டையில்லாமல் கைக்கு வந்தன. ஆனால் வந்து நின்ற ரயிலைப் பிரவுன் விடியும்போது போகவிட்டார். அது போன இடமெல்லாம் செய்தி பரவியது. மலைக்குள் போவதற்கு நேரம் இருந்தும் அவர் போகவில்லை. ஏன் தங்கினார் என்பதற்கு எத்தனையோ விளக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. பிணையாகப் பிடித்தவர்களை என்ன செய்வதென்று தயங்கினார், அடிமைகள் வந்து சேருவார்கள் என்று காத்திருந்தார் என்ற இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

திங்கட்கிழமை மதியத்துக்குள் பாலம் கைவிட்டுப் போயிற்று. மிஞ்சியவர்கள் இந்தக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். வெள்ளைக்கொடியோடு வெளியே வந்த மகன் வாட்சனைச் சுட்டார்கள். இன்னொரு மகன் ஆலிவர் அந்த இரவு உள்ளேயே தந்தையின் பக்கத்தில் இறந்துபோனான். செவ்வாய்க்கிழமை காலை கர்னல் ராபர்ட் ஈ. லீயின் கட்டளைப்படி கடற்படை வீரர்கள் கனமான ஏணி ஒன்றால் கதவை இடித்து உள்ளே புகுந்தார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. லெப்டினன்ட் இஸ்ரேல் கிரீன் பிரவுனைக் குத்தியபோது அவருடைய மெல்லிய அணிவகுப்பு வாள் வளைந்துபோனதால் பிரவுன் பிழைத்தார். அவரோடு வந்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். 5 பேர் தப்பித்தார்கள். மற்றவர்கள் தூக்குமேடைக்குப் போனார்கள்.

இந்தக் கட்டடம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1891-ல் செங்கல் செங்கலாகப் பிரித்து, சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பத்து நாளில் பார்க்க வந்தவர்கள் 11 பேர். கடையை மூடிவிட்டார்கள். குதிரை லாயமாக மாறவிருந்த கட்டடத்தை கேட் ஃபீல்டு என்ற பத்திரிகையாளர் பணம் திரட்டி மீட்டு, ஊருக்கு வெளியே மர்ஃபி என்பவருடைய பண்ணையில் திரும்பக் கட்டவைத்தார். 1909-ல் அதை ஸ்டோரர் கல்லூரி வாங்கித் தன் வளாகத்துக்குக் கொண்டுபோனது. விடுதலையான கறுப்பின மக்களின் கல்விக்காக 1867-ல் இதே ஊரில் தொடங்கிய கல்லூரி அது. 1968-ல்தான் கட்டடம் மறுபடியும் கீழே, முதலில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்தது. முதலில் இருந்த இடத்தை ரயில்பாதையின் கரைமேடு மூடிவிட்டது. அங்கே ஓர் அடையாளத் தூண் மட்டும் இருக்கிறது.

மர்ஃபி பண்ணைக்கு நடந்து போகிற பாதையைத் தவறவிடக் கூடாது. ஷெனண்டோவாவைப் பார்த்த மேட்டுநிலம். கட்டடம் நின்ற கல் அடித்தளம் புல்லுக்கு நடுவே அப்படியே கிடக்கிறது. 1906 ஆகஸ்டில் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் முன்னின்று நடத்திய, கறுப்பினத்தாரின் உரிமைக்கான நயாகரா இயக்கத்தின் மாநாடு ஸ்டோரர் கல்லூரியில் கூடியது. ஒரு நாளை ஜான் பிரவுனுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். அன்று விடியற்காலையில் கல்லூரியிலிருந்து ஊர்வலமாக இந்தப் பண்ணைக்கு நடந்து வந்தார்கள். பண்ணை நெருங்கியதும் ஒரு மருத்துவர் தன் காலணிகளைக் கழற்றினார், மற்றவர்களும் கழற்றினார்கள். பனி ஈரத்தில் வெறுங்காலோடு கட்டடத்தைச் சுற்றி வந்தார்கள். வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், போதகர்கள், அவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்களின் பிள்ளைகள். டு பாய்ஸ் மூன்று ஆண்டுகளில் பிரவுனின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். வெள்ளை வரலாற்றாசிரியர்கள் பிரவுனைப் பைத்தியக்காரர் என்று எழுதிவந்த காலம் அது. அந்த மனிதரின் நினைவை அழியவிடாமல் காத்தவர்கள் கறுப்பின மக்கள்தான்.

திரும்பும்போது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பொட்டோமாக் தெருவில், ஒரு பெரிய கல்லைப் பார்த்தோம். ஹேவர்டு ஷெப்பர்டு நினைவுக்கல். "அண்ணே, இவர் யாரு? பிரவுன் ஆளா?" என்று தம்பி கேட்டான். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஷெப்பர்டு இந்த ஸ்டேஷனில் பயணிகளின் பெட்டிகளைக் கையாண்டவர். கறுப்பர், ஆனால் அடிமையல்ல. மனைவியும் பிள்ளைகளும் உடையவர். அன்றிரவு ரயில் ஏன் நின்றது என்று பாலத்தின் பக்கம் பார்க்கப் போனார். நில் என்று சொன்னதைக் கேளாமல் திரும்பியபோது பிரவுனின் ஆட்கள் சுட்டார்கள். அடிமைகளை விடுவிக்க நடந்த தாக்குதலில் முதலில் செத்தவர் சுதந்திரமான ஒரு கறுப்பினத் தொழிலாளி. இந்தச் சாவைத் தெற்கத்தியப் பெருமை பேசும் இரண்டு அமைப்புகள் 1931-ல் கையிலெடுத்துக்கொண்டு இந்தக் கல்லை நட்டன. எஜமானர்களிடம் விசுவாசமாக இருந்த அடிமைகளைப் போற்றுவதாகக் கல்லில் பொறித்தன. விழா நடந்துகொண்டிருந்தபோது ஸ்டோரர் கல்லூரியின் இசை ஆசிரியை பெர்ல் டாட்டன் எழுந்து, தன் தகப்பன் அடிமை முறையை ஒழிக்கப் போரிட்ட படையில் இருந்தவர் என்று சொல்லி எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசினார். மறு ஆண்டு டு பாய்ஸ் எழுதிக் கொடுத்த பதில் பலகையை வைக்கக் கல்லூரி நிர்வாகம் மறுத்தது. அது 2006-ல்தான் ஸ்டோரர் வளாகத்தில் வைக்கப்பட்டது.

அந்தக் கல்லின்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஷெப்பர்டைச் சுட்டதை நியாயப்படுத்தவும் என்னால் முடியவில்லை. வேலை நேரத்தில் தன் கடமையைப் பார்க்கப் போன ஒரு மனிதர் அவர். அவருடைய சாவு பிரவுனின் கணக்கில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு அடிமை முறைக்கு நற்சான்றிதழ் எழுதியவர்கள் ஷெப்பர்டுக்கு இரண்டாவது முறையும் தீங்கு செய்தார்கள்.

ஆற்றைத் தாண்டி மேரிலாந்துக்குள் சில மைல் போனால் கென்னடி பண்ணை. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறிய வீடு. 1859 கோடையில் ஐசக் ஸ்மித் என்ற பெயரில் பிரவுன் இதை வாடகைக்கு எடுத்தார். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பரணில் பகலெல்லாம் ஒளிந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் சந்தேகப்படாமலிருக்க வீட்டில் பெண்கள் வேண்டுமென்று மகள் ஆனியையும், மகன் ஆலிவரின் மனைவி மார்த்தாவையும் வரவழைத்தார். ஆனிக்கு 15 வயது. சமையல் மார்த்தாவின் பொறுப்பு. வாசலில் உட்கார்ந்து தையல் தைத்துக்கொண்டே பாதையைப் பார்த்திருப்பது ஆனியின் வேலை. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி நேரங்காலம் பார்க்காமல் பிள்ளைகளோடு வந்து நிற்பாள். அவள் தலை தெரிந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டு, சோறு, மேசைவிரிப்பு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். இடி மழை வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம், அந்தச் சத்தத்தில் கத்தலாம், குதிக்கலாம். ஆனி முதுமையில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். படையெடுப்பின் பெரிய வரலாறுகளைவிட இந்தச் சின்ன விவரங்களில்தான் அந்த இளைஞர்கள் எனக்கு உயிரோடு தெரிகிறார்கள். பெரும்பாலோருக்கு இருபதுகளில்தான் வயது. மார்த்தா கர்ப்பிணி. செப்டம்பர் முடிவில் இரண்டு பெண்களையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பிரசவத்தில் குழந்தையும் போய் மார்த்தாவும் போனாள்.

பரணில் இருந்தவர்களில் வயதில் மூத்தவர் டேஞ்சர்ஃபீல்டு நியூபி. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர், கொல்லர். மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் இன்னும் அடிமைகள். அவர்களை விலைக்கு வாங்கி மீட்கப் பணம் சேர்த்தார், எஜமான் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு ஹாரியட் எழுதிய மூன்று கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. சீக்கிரம் வந்து என்னை வாங்கிவிடுங்கள், எஜமானுக்குப் பணமுடை, வேறு யாராவது வாங்கிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் கடைசிக் கடிதத்தில் இருக்கிறது. குழந்தை தவழத் தொடங்கிவிட்டது என்றும் ஒன்றில் எழுதியிருக்கிறார். பிரவுனின் ஆட்களில் முதலில் செத்தவர் நியூபி. ஊர்க்காரர்கள் அவர் காதுகளை அறுத்து எடுத்துக்கொண்டார்கள். கடிதங்கள் அதன்பிறகுதான் கிடைத்தன. ஹாரியட் மேலும் தெற்கே விற்கப்பட்டார்.

இந்தப் பண்ணைக்கு ஒரு பிற்காலக் கதையும் உண்டு. 1950-ல் கறுப்பினத்தாரின் எல்க்ஸ் சங்கம் இதை வாங்கியது. பக்கத்தில் ஒரு பெரிய நடன அரங்கம் கட்டினார்கள். வெள்ளையர் அரங்குகளில் நுழைய முடியாத காலத்தில் சுற்றுவட்டார இளைஞர்கள் வார இறுதியில் இங்கே கூடினார்கள். ரே சார்ல்ஸும் ஜேம்ஸ் பிரவுனும் இங்கே வந்து பாடியிருக்கிறார்கள். பகலெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருந்த வீட்டுக்குப் பக்கத்தில் அப்படியொரு சத்தம் எழுந்தது என்று கேட்டபோது மனம் நிறைந்தது.

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் பக்கத்து ஊரான சார்ல்ஸ் டவுனில் பிரவுனை விசாரித்த நீதிமன்றம் இன்றும் நீதிமன்றமாகவே இருக்கிறது. பிடிபட்ட இரண்டு வாரங்களுக்குள் விசாரணை முடிந்தது. காயம் ஆறாததால் பிரவுன் கட்டிலில் படுத்தபடியே விசாரணையைக் கேட்டார். வர்ஜீனியாவுக்கு ராஜத்துரோகம் என்பது முதல் குற்றச்சாட்டு. அவர் வர்ஜீனியாவின் குடிமகனே அல்ல. ஜூரிகளுக்கு முக்கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. தண்டனைக்கு முன் பேசச் சொன்னபோது, இதையே நான் பணக்காரர்களுக்காகவும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்காகவும் செய்திருந்தால் இந்த நீதிமன்றம் எனக்குப் பரிசல்லவா கொடுத்திருக்கும் என்ற பொருள்படப் பேசினார். அந்தப் பேச்சு வடக்கே பத்திரிகைகளில் பரவியது. ஹென்றி டேவிட் தோரோ அதற்கும் முன்பே, அக்டோபர் 30 அன்று, நண்பர்கள் தடுத்தும் கேளாமல் கான்கார்டில் ஊரைக் கூட்டிப் பிரவுனுக்காக வாதாடினார். காந்தி படித்துப் போற்றிய சட்டமறுப்புக் கட்டுரையை எழுதிய அதே தோரோதான். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படி இருக்க முடியும் என்று முன்பு குழம்பியிருக்கிறேன். தோரோவுக்கு அங்கே முரண் தெரியவில்லை. அடிமை முறையை நாள்தோறும் காத்து நிற்பது அரசின் துப்பாக்கிதான் என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார்.

பிரவுனும் அங்கிருந்துதான் தொடங்கினார். 1858-ல் கனடாவின் சாத்தம் நகரில் கறுப்பின அகதிகளைக் கூட்டி அவர் நிறைவேற்றிய அரசியல் சாசனத்தின் முன்னுரை, அடிமை முறையே ஒரு சாரார் மற்றொரு சாரார்மேல் நடத்தும் போர் என்று வரையறுக்கிறது. நாட்டில் அமைதி நிலவுகிறது, அதைப் பிரவுன் கெடுக்கிறார் என்றார்கள் மற்றவர்கள். போர் எப்போதோ தொடங்கிவிட்டது, நீங்கள் அடிபடாத பக்கம் இருக்கிறீர்கள் என்பது அவர் பதில்.

1859 டிசம்பர் 2 அன்று தூக்கு. முந்தைய நாள் மனைவி மேரி வந்து சேர்ந்தார். சிறையதிகாரி ஏவிஸ் வீட்டாரோடு இருவரும் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். இரவு தங்க அனுமதி இல்லை. காலையில் தன் சவப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வண்டியில் போனார். அந்த வண்டி உள்ளூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கிட்டே போய்ப் பார்க்கலாம். மேடை இருந்த வயலில் இப்போது ஒரு பழைய தனியார் வீடு, ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகை. அன்று காவலுக்கு நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினரில் பின்னாளில் தெற்கின் தளபதியான ஜாக்சன் இருந்தார். லிங்கனைச் சுடப்போகும் ஜான் வில்க்ஸ் பூத்தும் இருந்தார். இந்தக் குற்றம் இரத்தம் சிந்தாமல் கழுவப்படாது என்று பிரவுன் ஒரு சீட்டில் எழுதிக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனார். பதினாறு மாதங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆறு ஆண்டுகளில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

சார்ல்ஸ் டவுனிலிருந்து வடக்கே நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைகளுக்குக் காரில் ஒரு முழுப் பகல் பயணம். தம்பி ஓட்ட, வழியெல்லாம் கான்சஸ் பற்றியே பேசிக்கொண்டு போனோம். 1856-ல் அங்கே நடந்ததை ஒதுக்கிவிட்டு இந்த மனிதரைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். புதிய பிரதேசமான கான்சஸில் அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியேறுகிறவர்களே முடிவுசெய்யலாம் என்று 1854-ல் சட்டம் வந்தது. இரண்டு தரப்பும் ஆளும் ஆயுதமுமாக அங்கே குவிந்தன. 1856 மே 21 அன்று அடிமை ஆதரவுக் கும்பல் லாரன்ஸ் நகரைச் சூறையாடியது. மே 24 இரவு, பாட்டவாட்டமி ஓடைக்கரையில், பிரவுனும் மகன்களும் சில தோழர்களும் ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்துவந்து வாளால் வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்களில் டாயில் என்பவரும் அவருடைய இரண்டு மகன்களும் அடக்கம். அவர்கள் அடிமை ஆதரவுக் கட்சியோடு சேர்ந்தவர்கள்தான், ஆனால் சொந்தமாக ஓர் அடிமையும் இல்லாதவர்கள். மூன்றாவது மகனையாவது விட்டுவிடுங்கள் என்று தாய் மஹாலா கெஞ்சியதால் அவன் பிழைத்தான். பிரவுன் சிறையில் இருந்தபோது அந்தத் தாய் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்.

"அப்போ இவரை எப்படிண்ணே பெரிய மனுஷன்னு சொல்றது?" என்றான் தம்பி. அந்த இரவை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கும் உரிமையும் எனக்கில்லை, அது மஹாலா டாயிலுடையது. பிரவுனைத் தேடிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் வேறு. அதை நார்த் எல்பாவில்தான் சொல்ல முடியும்.

லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். அதன் எல்லையில் பனிச்சறுக்குத் தாவல் மேடைகள் இரண்டு வானத்தை முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் நிழலில் கிடப்பது நார்த் எல்பா, பிரவுனின் பண்ணை. அன்றைய நியூயார்க்கில் கறுப்பர் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அந்த விதி கிடையாது. பெரும் நிலக்கிழாரான கெரிட் ஸ்மித் 1846-ல் இதற்கு ஒரு வழி செய்தார். தன் நிலத்தில் 1,20,000 ஏக்கரை எடுத்து, 3,000 கறுப்பர்களுக்குத் தலைக்கு 40 ஏக்கர் என்று எழுதிக் கொடுத்தார். வந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது கல்லும் காடும் ஏழு மாதக் குளிரும். தாக்குப்பிடித்தவை கொஞ்சம் குடும்பங்கள். டிம்பக்டூ என்று தங்கள் குடியிருப்புக்குப் பெயர் வைத்தார்கள். 1849-ல் பிரவுன் குடும்பத்தோடு இங்கே வந்து அவர்களுக்குப் பக்கத்தில் குடியேறினார். நில எல்லைகளைச் சொல்லி ஏமாற்றியவர்களிடமிருந்து காக்கத் தானே நிலம் அளந்து கொடுத்தார்.

அந்தக் கோடையில் எழுத்தாளர் ரிச்சர்டு ஹென்றி டானா காட்டில் வழி தவறி, பசியோடு அன்று பிரவுன் குடியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் பார்த்ததை எழுதிவைத்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் வீட்டாரோடு பக்கத்துக் கறுப்பினத்தாரும் உட்கார்ந்தார்கள். பிரவுன் அவர்களைத் திரு, திருமதி சேர்த்துக் குடும்பப் பெயரால் விருந்தாளிக்கு அறிமுகம் செய்தார். இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றலாம். அடிமை முறையை வெறுத்த வடக்கத்திய வெள்ளையரிலேயே மிகப் பெரும்பாலோர் கறுப்பரோடு ஒரே மேசையில் உட்காராத காலம் அது. மேடையில் விடுதலை பேசுவார்கள், தேவாலயத்தில் கறுப்பருக்குக் கதவோரத்தில் தனி இருக்கை போடுவார்கள். பிரவுன் ஒஹையோவில் இருந்தபோது, அப்படிக் கதவோரம் உட்கார்த்தியிருந்தவர்களைக் கூட்டிவந்து தன் குடும்பத்தின் இருக்கையில் உட்காரவைத்தார், தன் குடும்பத்தைக் கதவோரத்துக்கு அனுப்பினார். சபை மூப்பர்கள் கொதித்தார்கள், பின்னர் குடும்பத்தின் பெயரையே சபையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்பதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைத்தான் தம்பியிடம் சொன்னேன். கத்தி எடுத்தவர்கள் அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இப்படிப் பந்தி போட்டவர்கள் அரிது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரின் மனைவியும் பிள்ளையும் வர்ஜீனியாவில் விலைக்கு நிற்கும்போது, அதைக் கொள்கை விவாதமாகப் பேசிக்கொண்டிருக்கப் பிரவுனால் முடியவில்லை. அவருடைய வீரமும், அவர் செய்த கொடுமையும் அந்த இடத்திலிருந்து பிறந்தவை என்றே நினைக்கிறேன். கறுப்பினத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் 1847-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் பிரவுன் வீட்டுக்கு முதல்முறை போனபோது அவர் கவனித்ததும் இதையே. வெள்ளையராக இருந்தும், அடிமை முறையின் இரும்பு தன் ஆன்மாவையே துளைத்ததுபோல் இவர் உணர்கிறார் என்று எழுதினார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்கு வரச் சொல்லிப் பிரவுன் அழைத்தபோது டக்ளஸ் மறுத்தார், அது எஃகுப் பொறி என்று எச்சரித்தார். அவர் சொன்னதே நடந்தது. ஆனால் கூட வந்திருந்த ஷீல்ட்ஸ் கிரீன், அடிமையாக இருந்து தப்பிவந்தவர், நான் கிழவரோடு போகிறேன் என்று சொல்லிப் பிரவுனோடு கிளம்பிவிட்டார்.

வீடு சின்னது, பலகை வீடு. முற்றத்தில் ஒரு பெரும்பாறை, அதன் பக்கத்தில் கம்பி வேலிக்குள் கல்லறை. தலைமாட்டில் நிற்பது பிரவுனின் தாத்தாவுடைய கல். விடுதலைப் போரில் 1776-ல் இறந்த அவரும் ஜான் பிரவுன்தான். கனெக்டிகட்டிலிருந்து அந்தக் கல்லைப் பேரன் முன்கூட்டியே இங்கே கொண்டுவந்திருந்தார். கான்சஸில் சுடப்பட்ட மகன் ஃபிரெடரிக்கின் பெயரும் அதில் இருக்கிறது. 1859 டிசம்பர் 8 அன்று அடக்கம் நடந்தது. டிம்பக்டூவைச் சேர்ந்த லைமன் எப்ஸ் குடும்பத்தோடு வந்து, பிரவுனுக்குப் பிடித்த பாடலைப் பாடினார். அன்று பாடிய சிறுவன், எப்ஸின் மகன், 1935-ல் இங்கே பிரவுனின் சிலையைத் திறந்துவைத்தார். அடக்கத்தன்று இந்தச் சிற்றூரில் இளம் விதவைகளும் தாய்மாரும் ஒன்றாக நின்றிருக்கிறார்கள். ஆலிவர், வாட்சன், பக்கத்துப் பண்ணை தாம்ப்சன் சகோதரர்கள் வில்லியமும் டாஃபினும் அந்த ஒரே தாக்குதலில் போனவர்கள். மேரி பிறகு எஞ்சிய பிள்ளைகளோடு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார், அவர் கல்லறையும் அங்கேதான்.

இறந்தவர்களில் எட்டுப் பேரை ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்காரர்கள் இரண்டு மரப்பெட்டிகளில் போட்டு ஷெனண்டோவாக் கரையில் புதைத்திருந்தார்கள். 1899-ல் அவற்றைத் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து, எல்லாரையும் ஒரே பெட்டியில் பிரவுனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எது யாருடைய எலும்பு என்று பிரிக்க முடியாது. நியூபியும் லூயிஸ் லியரியும் ஆலிவரும் தாம்ப்சன்களும் அங்கே ஒன்றாகக் கிடக்கிறார்கள்.

பிரவுனின் ஆட்களில் ஜான் கோப்லாண்டும் ஷீல்ட்ஸ் கிரீனும் அங்கே இல்லை. டிசம்பர் 16 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். கோப்லாண்டுக்கு 25 வயது, ஓபர்லின் கல்லூரியில் படித்தவர். இருவர் உடலையும் வின்செஸ்டர் மருத்துவக் கல்லூரி அறுத்துப் பாடம் நடத்த எடுத்துக்கொண்டது. கோப்லாண்டின் பெற்றோர் சார்பில் ஓபர்லினிலிருந்து பேராசிரியர் ஜேம்ஸ் மன்ரோ உடலைக் கேட்டுப் போனார். மாணவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1862-ல் வடக்கின் படை அந்த மருத்துவக் கல்லூரியைக் கொளுத்தியது.

திரும்பும் வழியை ஒஹையோ பக்கம் மாற்றிக்கொண்டோம். ஓபர்லினில் ஒரு சிறு பூங்காவில் கிரீன், கோப்லாண்டு, லியரி மூவருக்கும் பளிங்கில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. லியரி இந்த ஊரில் சேணம் தைத்துப் பிழைத்தவர். எங்கே போகிறேன் என்று மனைவி மேரியிடம் சொல்லாமலே கைக்குழந்தையை விட்டுப் போனவர். மேரி பிறகு சார்ல்ஸ் லாங்ஸ்டன் என்ற போராளியை மணந்துகொண்டு கான்சஸுக்குக் குடிபோனார். 1910-ல் ஒசாவட்டமியில் ஜான் பிரவுன் பூங்காவின் திறப்பு விழாவுக்குத் தியடோர் ரூஸ்வெல்ட் வந்தபோது, மேரியை மேடையில் உட்காரவைத்து மரியாதை செய்தார்கள். பாட்டியோடு அன்று போயிருந்த பேரன் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். பின்னாளில் ஜான் பிரவுனை நினைவில் வைத்திருக்கும்படி தன் மக்களைக் கேட்டு ஒரு கவிதை எழுதினார். அதன் தலைப்பு 'அக்டோபர் 16'.